பாலைத் திரிய வைத்தவள் ஆவுடை மதினிக்கு எழுதுவது

என் அருமை ஆவுடை மதினிக்கு,

கோமதி எழுதுகிறேன். முதலில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். எந்த விசேஷத்துக்கு நான் போய் வந்தாலும் "என்ன சாப்பாடு" என்று நீங்கள் கேட்டதில்லை. "யாரெல்லாம் வந்திருந்தா?" என்றுதான் கேட்பீர்கள்.

வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய தறிக் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள். உங்கள் வீட்டுக்காரர், அதாவது என் கூடப் பிறந்த அண்ணன் சங்கரன். உங்கள் மகள் வடிவும் அவள் மாப்பிள்ளையும். எங்கள் வீட்டுக்காரர். திறப்பு விழாப் பூசைக்கு வந்த ஐயர். கரிவலம்வந்தநல்லூரிலிருந்து பஸ் பிடித்து வந்த உங்கள் பிறந்த வீட்டு ஆட்கள் நான்கு பேர். அவர்கள் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்கள். அடுத்த தெரு முப்பிடாதி அக்கா, வீங்கிய விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு. நான். சுவரில் நீங்கள், சந்தனப் பொட்டோடு, மல்லிகை மாலைக்குள்.

இன்னும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். என் மடியில் அரை எலுமிச்சம்பழம் இருந்தது. விடியற்காலையில் அம்மன் சன்னதியில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்து அரிவாள்மனையில் இரண்டாக நறுக்கி, ஒரு பாதியை எடுத்து வந்திருந்தேன். அது இருந்தது எனக்கும் அம்மனுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஐயர் விளக்கேற்றியதும் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "ஏட்டி கோமதி, வா. பொறந்த வீட்டுப் பிள்ளதான் பால் காய்ச்சணும்." புதுப் பித்தளைப் பானை, மஞ்சள் கொத்து கட்டியது. நான் கிழக்கே பார்த்து உட்கார்ந்தேன். பால் சூடேறி, ஏடு கட்டி, விளிம்புக்கு ஏறி வந்தது. எல்லாரும் பானையையே பார்த்தார்கள். சர்க்கரை போடுகிறவள் போலக் கையை நீட்டி, பழத்தைப் பிழிந்தேன்.

பால் பொங்கவில்லை மதினி. பிரிந்தது. ஒரு பக்கம் கட்டி, ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர்.

வாசலில் நின்ற உங்கள் சித்திதான் முதலில் அலறினார்கள். "ஐயையோ, பால் திரிஞ்சு போச்சே!" ஐயர் மணியை நிறுத்திவிட்டு, "நேத்துப் பாலா இருக்கும், வேற பால் வாங்கிண்டு வரச் சொல்லுங்கோ" என்றார். பாவம், நல்ல மனுஷர். நான் கையை விரித்துத் தோலைக் காட்டினேன்.

"பால் நல்ல பால்தான் சாமி. காலையில கறந்தது. நான்தான் பிழிஞ்சேன்."

இதை ஏன் செய்தேன் என்பதைத்தான் இந்தக் கடிதத்தில் எழுத வேண்டும். உங்களுக்குப் பாதி தெரியும். ஊருக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் ஊரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

உங்கள் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் நான் உங்களுக்குப் பின்னால் நின்றேன். அண்ணன் ஒரு முடிச்சு போட்டார். மற்ற இரண்டு முடிச்சும் நாத்தனார் போட வேண்டியது, நான் போட்டேன். என் விரல் உங்கள் பின்னங்கழுத்தில் பட்டதும் நீங்கள் கூச்சத்தில் நெளிந்தீர்கள். "பைய முடி பிள்ள, கழுத்த நெறிச்சிராத" என்றீர்கள். நமக்குள் பேசிய முதல் பேச்சே அதுதான். நாத்தனார் என்றால் அண்ணன் பக்கம் நிற்பவள் என்று ஊர் நினைக்கிறது. கணக்குப் பார்த்தால் அவருக்கு ஒரு முடிச்சு, எனக்கு இரண்டு. யார் பக்கம் நிற்க வேண்டும் நான்?

உங்களுக்கு முடக்குவாதம் வந்தபோது டாக்டர் சொன்னதை நீங்கள் எனக்கு உங்கள் பாணியில் சொன்னீர்கள். "வாசல்ல நிக்கிற காவக்காரனுக்குக் கண்ணு தெரியலையாம் கோமதி. வீட்டு ஆளையே திருடன்னு நெனச்சுக் கம்பால அடிக்கானாம். அதான் மூட்டெல்லாம் வீங்குது." நான் அதற்கு, நம் கோவில் பாம்புகள் சங்கனும் பதுமனும் மாதிரிதான் போல என்றேன். ஒரே சாமியை இரண்டு சாமி என்று நினைத்துச் சண்டை போட்டவர்கள் அவர்கள். நீங்கள் சிரித்தீர்கள். "அப்ப நானும் அம்மன் மாதிரி ஒத்தக் கால்ல தபசு நிக்கணுமா? ரெண்டு கால்லயே நிக்க முடியலையே!"

டாக்டர் கொடுத்த மாத்திரைகளில் ஒன்று ஸ்டீராய்டு. வருஷக்கணக்காகப் போட்டீர்கள். முகம் கொஞ்சம் உப்பியது. ஆனால் கை மடங்கியது, தோசை திருப்பினீர்கள், வடிவுக்குப் பின்னல் போட்டுவிட்டீர்கள். வீட்டுக்குள் ஓர் அமைதி இருந்தது.

பிறகு அண்ணன் தறிகளை விற்றார். கையில் போன், முன்னால் வெறுங்கொட்டகை. அப்போதுதான் அவருக்கு வெப்ப அதிர்ச்சிப் புரதம் என்கிற ஒன்று கிடைத்தது.

அவர் அதைப் பற்றிச் சொன்னது முழுப் பொய் என்றால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. பாதி உண்மை. உடம்புக்குச் சூடு பட்டால் செல்லுக்குள் அந்தப் புரதம் ஊறும், அது அழற்சியை, அதுதான் வீக்கத்தை, அமர்த்தும் என்று அவர் படித்திருந்தார். அதை வைத்துக்கொண்டு பலகையில் ஒரு பெட்டி செய்தார். குக்கரிலிருந்து குழாய் வழியாக நீராவி. அதில் நொச்சி இலை. தலை மட்டும் வெளியே. மூட்டுகளில் பூசக் கோவில் புற்று மண்ணும் வாங்கி வந்தார். அறிவியலும் ஆச்சு, அம்மனும் ஆச்சு என்றார். சித்திரை மாதம், கத்திரி வெயில். ஊரே வெந்துகொண்டிருந்தது.

நான் முதன்முதலில் உங்களைப் பெட்டிக்குள் பார்த்த அன்று நீங்கள் என்ன சொன்னீர்கள்? "இட்லிக் கொப்பரையில வச்ச மாதிரி இருக்கேனா? வெந்துட்டனான்னு குத்திப் பாரு கோமதி." நானும் சிரித்தேன். பெட்டியால் உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை அப்போது. வலி குறைந்ததாகக்கூடச் சொன்னீர்கள். வெந்நீர் ஒற்றடம் யாருக்குத்தான் சுகமாக இருக்காது?

அடுத்த முறை நான் வந்தபோது உங்கள் உள்ளங்கையில் மாத்திரை இருந்தது. அண்ணன் பக்கத்தில் நின்றார்.

"இத முழுங்கிட்டே இருந்தா உடம்பு தானா எப்படிப் புரதம் ஊறவிடும்? சோம்பேறி ஆயிரும். கொஞ்ச நாள் நிறுத்திப் பாரு ஆவுடை. என்ன நம்பு."

"அண்ணே, டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..." என்றேன்.

"டாக்டருக்கு மாத்திர தெரியும். என் பொண்டாட்டிய எனக்குத் தெரியும்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், அவரைப் பார்த்தீர்கள், மாத்திரையை டப்பாவுக்குள் போட்டு மூடினீர்கள். அவர் உங்கள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். அன்பு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அன்பால்தான் கொன்றார் மதினி. வேறு எதனால் கொன்றிருந்தாலும் நீங்கள் தப்பித்திருப்பீர்கள். அன்புக்கு மட்டும்தான் நீங்கள் கதவைத் தாழ் போடுவதில்லை.

அந்த வாரம் முடிவதற்குள் வாந்தி. தலைசுற்றல். எழுந்து நிற்க முடியவில்லை. "கழிவெல்லாம் வெளிய போகுது, நல்லதுக்குத்தான்" என்றாராம் அண்ணன். நான் மோர் கொண்டு வந்தபோது நீங்கள் கட்டிலில் துணி மாதிரிக் கிடந்தீர்கள். நாக்கு உலர்ந்து, கை ஜில்லிட்டு. நான் போட்ட சத்தத்தில்தான் வண்டி வந்தது.

திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி வாசலில் உங்களை இறக்கியதும் சீட்டுப் போட நான் ஓடினேன். வரிசையில் நின்று, பெயர் சொல்லி, வயது சொல்லி வாங்கிக்கொண்டு திரும்பினால் சின்ன வயசு லேடி டாக்டர் ஒருவர் உங்கள் கையைப் பிடித்தபடி குழம்பி நின்றார். ரத்த அழுத்தம் ஏறவில்லை. ஏன் என்று பிடிபடவில்லை. நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன்: "ஸ்டீராய்டு நிறுத்தி ஒரு வாரம் ஆகப்போகுது டாக்டரம்மா."

அவர் அண்ணனைத் திரும்பிப் பார்த்த பார்வை என் சாவு வரைக்கும் மறக்காது. "நிறுத்தவே இல்லன்னு சொன்னீங்களே, சார்?"

அப்புறம் ஓடினார்கள். ஊசி போட்டார்கள். எல்லாம் செய்தார்கள். விடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். அந்த டாக்டரம்மா வெளியே வந்து என்னிடம், "மொதல்லயே சொல்லியிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் போய்விட்டார். அந்த வாக்கியத்தின் மீதி எங்கே இருக்கிறது மதினி? ஒரு வருஷமாக நான்தான் அதைத் தினமும் முடித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் வாயைத் திறக்கவில்லை. வடிவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அப்பனைப் பற்றி இப்படி ஒரு பேச்சு எழுந்தால் பிள்ளை கல்யாணம் என்ன ஆகும்? பல்லைக் கடித்துக்கொண்டு, சமைத்து, சாமி கும்பிட்டு, வரவு செலவு எழுதி, வீட்டுக்குள்ளேயே இருந்தேன். அப்போதுதான் படிக்க ஆரம்பித்தேன். எந்தச் சொல்லை வைத்து உங்களைச் சாய்த்தாரோ அந்தச் சொல்லை நான் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். வடிவின் பள்ளிக்கூடப் புத்தகங்கள், ஒரு அகராதி, போன். மூன்று வரி படிக்க ஒரு மத்தியானம் போகும். புரியாமல் விட்டதும் நிறைய.

புரிந்ததைச் சொல்கிறேன். புரதம் என்பது மடித்து வைத்த பட்டுச்சேலை மாதிரி. மடிப்பு சரியாக இருந்தால்தான் அதற்கு வேலை. சூடோ, காயமோ, கிருமியோ, எந்தத் தொல்லை வந்தாலும் மடிப்பு குலையும். அப்போது செல்லுக்குள் ஓடி வந்து, குலைகிற மடிப்பைத் தாங்கிப் பிடித்து, மறுபடி மடித்துக் கொடுக்க, இனி தேறாது என்றால் அப்புறப்படுத்த, சில புரதங்கள் இருக்கின்றன. சூடு கூடிப்போன பெட்டியில் இருந்த பழ ஈக்களில்தான் அதற்கான அறிகுறியை முதலில் கண்டார்களாம். அதனால் வெப்பத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் அவை எல்லாத் துன்பத்துக்கும் வருகிறவை. அண்ணன் பெயரைப் படித்தார், வேலையைப் படிக்கவில்லை.

உள்ளே இருக்கும்வரை அவை சத்தமில்லாமல் வேலை பார்க்கும். வீக்கத்தை மூட்டிவிடுகிற விசையைக்கூட அமர்த்தி வைக்கும். ஆனால் செல் உடைந்து அதே புரதம் வெளியே கொட்டினால் கதை வேறு. காவல் செல்கள் அதைப் பார்த்து, "ஏதோ ஒரு வீடு இடிஞ்சிருக்கு" என்று எழுந்து நிற்கும். அதே ஆள்தான். உள்ளே இருந்தால் தாங்கல். வெளியே வந்தால் அபாயச் சங்கு.

வெளியே வந்தால் எப்போதுமே சங்குதானா என்றால் அதுவும் இல்லை. சில வேளைகளில் அதை அடையாளம் கண்டு சண்டையை ஆற்றிவிடுகிற காவல் செல்களும் உண்டாம். இன்னொன்று, கிருமிகளுக்குள்ளும் ஏறக்குறைய இதே ஜாடையில் புரதம் இருக்கிறது. அந்த ஜாடையில் குழம்பித்தான் காவல்காரன் சொந்த வீட்டையே அடிக்கிறானோ என்று முடக்குவாதத்தில் சந்தேகப்படுகிறார்கள். எது எப்போது, எவ்வளவு என்று படித்தவர்களே இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களே முடிவு சொல்லாத விஷயத்தில் என் அண்ணன் தறிக் கொட்டகையில் முடிவு சொன்னார்.

ஸ்டீராய்டு பற்றியும் படித்தேன். சிறுநீரகத்தின் தலைமேல் ஒரு சின்னச் சுரப்பி இருக்கிறது. துன்பம் வரும்போது ரத்த அழுத்தம் விழாமல் தாங்குகிற சரக்கை அதுதான் சுரக்கும். வருஷக்கணக்காக மாத்திரை வெளியிலிருந்து கொடுத்தால் அது தூங்கிவிடும். மாத்திரையை டாக்டர் சொல்கிறபடி பையப் பையக் குறைத்து அதை எழுப்ப வேண்டும். சட்டென்று நிறுத்தினால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அப்படி ஒன்றுமில்லாத உடம்பைத்தான் கத்திரி வெயிலில் ஆவிப் பெட்டிக்குள் உட்கார வைத்தார்.

வடிவு கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. உங்கள் முதல் வருஷத் திதியும் முடிந்தது. அப்புறம் ஒரு நாள் அண்ணன் வீட்டுக்கு வந்து அச்சடித்த நோட்டீஸ் ஒன்றை என் கையில் கொடுத்தார். "ஆவுடையம்மாள் நினைவு நீராவி இல்லம்." கீழே உங்கள் போட்டோ. அதற்கும் கீழே: "என் மனைவியைக் கடைசி நாட்களில் வலியின்றி வைத்திருந்த இயற்கை முறை."

வலியின்றி! கட்டிலில் கிடந்த உங்களை நான் பார்த்திருக்கிறேன்.

"நீதான் பால் காய்ச்சணும் கோமதி" என்றார். "மொத ஆளா முப்பிடாதி வாரா. அவளுக்கும் ஆவுடைக்கு இருந்ததேதான். மாத்திரய இப்பவே கொறைக்கச் சொல்லியாச்சு."

"சரிண்ணே, வாரேன்" என்றேன். அவர் போனதும் பூசை அறையில் போய் உட்கார்ந்தேன். தாயே, இவ்வளவு நாள் உள்ளே இருந்து தாங்கினேன், வீடு இடிகிறது, இனி நான் வெளியே வரட்டுமா என்று கேட்டேன். பூசை அன்று விடியற்காலையில் சன்னதியில் எலுமிச்சம்பழம் கேட்டேன். கொடுத்தாள்.

இனி கொட்டகைக்கு வாருங்கள். பால் திரிந்து கிடக்கிறது. அண்ணன் முகம் கறுத்துவிட்டது.

"கூறுகெட்ட மூதி! என்னட்டி செஞ்சிருக்க? புத்தி கித்தி பெரண்டு போச்சா?"

நான் அவரிடம் பேசவில்லை. முப்பிடாதி அக்கா பக்கம் திரும்பினேன். "அக்கா, இந்தப் பாலப் பாத்துக்கிடுங்க. இம்புட்டு நேரம் அடுப்புல கொதிச்சப்ப ஒண்ணும் ஆகல. சூட்டத் தாங்குச்சு. அதத் தாங்க விடாம ஒரு சொட்டு விழுந்துச்சு, குலைஞ்சு போச்சு. எங்க மதினியும் ஆவியில சாகல. தாங்குற மாத்திரய நிறுத்துன பெறகு ஆவியில உக்காந்து செத்தாவ. நிறுத்தச் சொன்னது இவரு. நிறுத்தலன்னு டாக்டர்ட்ட பொய் சொன்னதும் இவருதான்."

வடிவு மட்டும், "அப்பா?" என்றாள். ஒரே ஒரு சொல். அவர் பித்தளைப் பானையைக் காலால் தள்ளிவிட்டு வெளியே போனார். திரிந்த பால் உங்கள் படத்துக்குக் கீழே வரை ஓடியது.

எனக்குப் பாவமாக இல்லை மதினி. இன்னும் நிறையப் பால் இருந்திருக்கலாம் என்றுதான் தோன்றியது. அன்று வீட்டுக்கு வந்து நிறைவாகச் சாப்பிட்டேன். அண்ணன் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று அம்மன்மேல் சத்தியம் செய்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் ரசத்துக்கு எலுமிச்சம்பழம் வாங்கி வரும்போதெல்லாம், "இது சமையலுக்கா, சண்டைக்கா? சொன்னா அதுக்குத் தக்கன வாங்கிட்டு வருவேன்லா" என்கிறார். வடிவு வாரம் ஒருமுறை என்னிடம் பேசுகிறாள். அப்பனிடம் பேசுவதில்லை. முப்பிடாதி அக்கா மறுபடியும் டாக்டரிடம் போய், மாத்திரையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். காலையில் அவள் மாத்திரை போட்ட பிறகுதான் நான் அடுப்பு பற்ற வைக்கிறேன். "ஏ தாயி, முழுங்கிட்டேன், போதுமா? நீ போலீசுக்காரிக்கு மேல இருக்கியே" என்று தெருவிலிருந்தே நாக்கை நீட்டிக் காட்டுகிறாள்.

ஆனால் கொட்டகை வாசலில் உங்கள் பெயர் போட்ட போர்டு இன்னும் தொங்குகிறது. பெட்டியும் இருக்கிறது. குருவிகுளம் பக்கத்திலிருந்து யாரோ விசாரித்துப் போனார்களாம். ஆவணியில் வேறு முகூர்த்தம் பார்த்திருப்பதாகக் கேள்வி.

இப்போது ஆடி. அம்மனின் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியிருக்கிறது. நான் வழக்கம்போல எண்ணி எண்ணிக் கோவிலை வலம் வந்து ஆடிச் சுற்று சுற்றுகிறேன். போன வெள்ளிக்கிழமை வெளிப் பிரகாரத்தில் அண்ணன் வந்து என்னோடு சேர்ந்து நடந்தார். இளைத்துவிட்டார். சட்டை தோளில் நிற்கவில்லை.

"எத்தனாவது சுத்து?"

"பேசாதீங்க. கணக்கு விட்டுப் போகும்."

"நீயா கணக்க விடுவ?"

கொஞ்ச தூரம் நடந்தோம். கூட்டம் இடித்துக்கொண்டு போனது.

"கோமதி, பெட்டிய ஒடச்சிருதேன். போர்டயும் எறக்கிருதேன். நீ நம்ம வீட்டுக்கு வந்து ஒரு வாய் காப்பி குடி. கூடப் பொறந்தவளே தண்ணி குடிக்காத வீடுன்னு ஊர்ல பேசுதாங்க. எனக்குத் தாங்கல."

"அப்ப மதினிக்காக ஒடைக்கல. காப்பிக்காக ஒடைக்கீங்க."

நான் நின்றேன். சுற்றுக்கு நடுவில் நான் நின்றது இதுதான் முதல் முறை.

"டாக்டர் கேட்டப்ப நிறுத்தலன்னு ஏன் சொன்னீங்க? அத மட்டும் சொல்லுங்க."

நாகசுனைக் குளத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு சொன்னார்: "அவ கண்ணு முழிச்சுத்தான் இருந்தா பிள்ள. என்னையே பாத்துட்டு இருந்தா. நான் சொல்லித்தான் நிறுத்துனான்னு அவ முன்னால எப்படிச் சொல்லுவேன்? நம்பி நிறுத்துனவ. நான் சொன்னது தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டு அவ போகணுமா? நிறுத்தலன்னு நான் சொன்னதும் லேசாத் தலைய ஆட்டுனா. அவளும் ஆமான்னுதான் சொன்னா."

மதினி, அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. என் கோபத்துக்கு இதுவரை ஒரு பக்கம்தான் இருந்தது. நேராக இருந்தது. இப்போது அதன் மடிப்பைக் குலைத்துவிட்டார்.

அவர் சொல்வது உண்மையா? நீங்கள் கேட்டீர்களா? டாக்டரம்மா கேட்டதும், அவர் பொய் சொன்னதும் உங்கள் காதில் விழுந்ததா? விழுந்தும் தலையை ஆட்டினீர்களா, அவரைக் காப்பாற்றுவதற்காக? உயிர் போகிற நேரத்தில்கூட உள்ளே இருந்து அவரைத் தாங்கினீர்களா? அப்படியானால் உங்களையும் நான் சும்மா விட மாட்டேன், வந்து பேசிக்கொள்கிறேன். இல்லை, உங்களுக்கு நினைவே இல்லாமல், தலை தானாக ஆடியதைத் தனக்குச் சாதகமாக எழுதிக்கொண்டாரா? நான் சீட்டு வாங்கப் போன அந்த நேரத்தில் நடந்தது இது. டாக்டரம்மாவின் கண் ரத்த அழுத்தக் கருவியில் இருந்திருக்கும்; அந்தத் தலையாட்டலை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பொய் சொல்லிப் பழகியவர். இன்னொருவர் நீங்கள்.

அவருக்கு நான் கொடுத்த பதில் இதுதான்: "மதினிட்ட கேட்டுச் சொல்லுதேன்." கிண்டல் என்று நினைத்துக்கொண்டு போனார். கிண்டல் இல்லை.

தபசுக் காட்சிக்கு முந்தின நாள் சன்னதியில் வெள்ளையும் சிவப்புமாகப் பூக்கட்டிப் போட்டு, ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்லப் போகிறேன். வெள்ளைப் பூ என்றால், நீங்கள் கேட்டீர்கள், தெரிந்தே தலையாட்டினீர்கள் என்று எடுத்துக்கொள்வேன். சத்தியத்துக்கு அம்மனிடம் பரிகாரம் செய்துவிட்டு, அவர் வீட்டில் அந்தக் காப்பியைக் குடிப்பேன். அது உங்களுக்காக. அவருக்காக ஒரு சொட்டும் இல்லை. சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். சிவப்புப் பூ என்றால், அவர் கட்டிச் சொன்ன கதை அது; காப்பி கிடையாது, பூசை அலமாரியில் மீதி அரைப் பழம் காய்ந்து கிடக்கிறது. காய்ந்தாலும் அதற்குப் புளிப்பு போகாது.

எந்தப் பூ வந்தாலும் ஒன்று மாறாது. இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு. அந்தப் பெட்டி உடையும்; காப்பிக்கு விலையாக இல்லை, நானும் முப்பிடாதி அக்காவும் கோடாலி எடுத்துக்கொண்டு போய் உடைப்போம். "மாத்திரய நிறுத்தச் சொன்னது நான், டாக்டர்ட்ட பொய் சொன்னதும் நான்" என்று அந்தக் கொட்டகையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், வாசலில் நின்றவர்களை உள்ளே கூப்பிட்டு வைத்து, அவர் வாயாலேயே அவரைச் சொல்ல வைப்பேன். நீங்கள் அவரை மன்னித்திருந்தால் அது அவர் போட்ட ஒரு முடிச்சோடு போகட்டும். என் இரண்டு முடிச்சு இன்னும் அவிழவில்லை.

அந்தப் பொய் உங்கள் காதில் விழுந்ததா, இல்லையா? பூ எப்படியும் வரும். ஆனால் எனக்கு உங்கள் வாய்ச்சொல் வேண்டும். கனவில் வந்து சொன்னாலும் சரி. தபசுக்கு முன்னால், சீக்கிரம் பதில் சொல்லுங்கள் மதினி.

இப்படிக்கு,
உங்கள் கழுத்துக்குப் பின்னால் நின்ற நாத்தனார்,
கோமதி
சங்கரன்கோவில்